கழற்றுவதற்கு முன்னால்

கிள்ளை, முடசலோடை, முழுக்குத்துறை, எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஊர்களில் ஃபைபர் போட்டு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், மீன் ஏற்றும் குட்டியானை, ஆப்பே வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கும், வயலில் பவர் டில்லரும் ஸ்பிரேயரும் வைத்திருக்கிறவர்களுக்கும் வணக்கம்.

கிள்ளையில் பட்டறை வைத்திருப்பவன் நான். உங்களில் பலருடைய இன்ஜின் என் மேசைமேல் ஒருமுறையாவது பிரிந்து கிடந்திருக்கும். வேலை நடக்கும்போது நின்று நிதானமாகப் பேச உங்களுக்கும் பொழுது இருப்பதில்லை, எனக்கும் இல்லை. இரவு வலைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் அவசரப்படுவீர்கள். அடுத்த வண்டி வாசலில் நிற்கும். பேச வேண்டியது சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். இன்ஜின் நின்றால், சாமான் மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். அப்படித் தேடத் தெரிந்த ஆள் ஒவ்வொரு படகிலும் ஒருவராவது இருக்கட்டும்.

"நாசில் மாத்தியாச்சு, பம்பு மாத்தியாச்சு, ஃபில்டரும் புதுசு, இன்னும் எடுக்க மாட்டேங்குது" என்று தோளில் தூக்கிக்கொண்டு வருகிற இன்ஜின்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பெரும்பாலும் பழைய நாசிலில் குறையே இருந்திருக்காது. டீசல் டேங்கு மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். உப்பும் அழுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வழியில்லாமல் போய், கடைசியில் டீசல் இறங்குவதே நின்றுவிடும். இன்ஜின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு திணறி நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இதற்கு வைத்தியம் ஒரு ஊசி. இதற்காகப் பம்பையே மாற்றியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எப்போது நிற்கிறது, நிற்பதற்கு முன் சத்தம் எப்படி மாறியது, மூடியைத் திறந்தால் என்ன ஆகிறது என்று சாமான் விற்ற கடைக்காரரும் அவர்களிடம் கேட்கவில்லை, மாட்டிக்கொடுத்தவரும் கேட்கவில்லை.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் முகத்துவாரத்தை நினைத்து. சாலையில் வண்டி நின்றால் ஓரம் கட்டிவிட்டு போன் செய்யலாம். சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல்மேட்டின் மேல் அலை உடைகிற இடத்தில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு தலை திரும்பி அலைக்குக் குறுக்கே விழும். அடுத்த அலை கவிழ்க்கும். வெள்ளாற்று முகத்துவாரத்திலும் இதே கதைதான். அங்கே உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நிமிடத்தில் கை தானாக எங்கே போக வேண்டும் என்பது கரையிலேயே பழகியிருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களையும் படகின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை படகில் இருக்கப்போவது நீங்களும் உங்கள் இன்ஜினும்தான்.

இந்த இன்ஜின்கள் நம் கரைக்கு வந்த கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் அப்பா காலத்தில் கட்டுமரம், பாயும் துடுப்பும். 1979இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சென்னையை இடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. கரையில் ஏற்றக்கூடிய சிறு படகு, அதற்குச் சிறு டீசல் இன்ஜின், மணலில் ஏறும்போது புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு என்று அவர்கள் பல வருடம் பரிசோதனை செய்தார்கள். தாய்லாந்துப் படகுகளில் இருப்பதுபோல நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுழலும் 'லாங் டெயில்' முறையும் நம் கரையில் பரவியது. கழிமுகச் சேற்றிலும் மணல்மேட்டிலும் தண்டைத் தூக்கிக்கொண்டு போக முடிகிற இந்த முறை நம் உப்பனாற்றுக்கும் பிச்சாவரம் வாய்க்கால்களுக்கும் நன்றாகப் பொருந்திவிட்டது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. சுரபுன்னைக் காட்டுக்கு முன்னால், கடலோரமாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ன பாடுபட்டது என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்தார்கள். கட்டுமரம் தள்ளியவர் கையிலும் இன்ஜின் வந்தது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இன்ஜினைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஸ்பேனர் பெட்டி கொடுத்தார்கள்? அதைப் பராமரிக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் குறையை இருபது வருடமாக நாம் பணமாகவும் சில நேரம் உயிராகவும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் படகில் இருப்பது அநேகமாக இத்தாலியின் லொம்பார்டினி வடிவமைப்பில் கிரீவ்ஸ் இந்தியாவில் செய்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், அல்லது அதன் சாயலில் வேறு ஒன்று. ஆப்பே வண்டிகளிலும் பல வருடம் கிரீவ்ஸின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான் ஓடியது. அதனால்தான் ஆப்பே வேலை பார்த்த பையன் படகு இன்ஜினையும் தைரியமாகத் தொடுகிறான். உறுதியான இன்ஜின் இது, காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கொதிக்கும் பயமும் கிடையாது. ஆனால் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் வரிவரியான தகடுகளுக்கு நடுவே காற்று ஓடியாக வேண்டும். அந்த இடுக்குகளில் ஆயில் கசிவும் உப்பும் கலந்து களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். மேலே ஒரு தகரக் கவசம் இருக்கும். ஃபேன் தள்ளும் காற்றைச் சிலிண்டர்மேல் திருப்பிவிடுவது அதுதான். கழற்றி மாட்டுவது தொந்தரவு என்று அந்தக் கவசத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். வெறும் காற்றுப் பட்டால் நன்றாகக் குளிரும் என்று நினைக்கிறார்கள். கவசம் இல்லாவிட்டால் காற்று நாலா பக்கமும் சிதறிப்போகும், சிலிண்டர் காயும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தத் தகரத்தைத் தயவுசெய்து தேடி எடுத்து மாட்டுங்கள்.

டீசல் இன்ஜினில் பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை இறுக்குகிறது. இறுக்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் நாசில் டீசலைப் பனியாகத் தூவ, தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஓடுவதற்கு வேண்டியது மூன்று: உள்ளே வரும் சுத்தமான காற்று, சரியான நேரத்தில் டீசல், இறுக்கம். ஸ்டார்ட் ஆகாத டீசல் இன்ஜினில் இந்த மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இறுக்கத்தைக் கையாலேயே பார்க்கலாம். டீகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு ஃபிளைவீலை மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் கை தடுக்கும், விட்டால் திரும்பித் தள்ளும். அப்படித் தள்ளினால் கம்ப்ரஷன் இருக்கிறது. தொளதொளவென்று சுற்றினால் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படுங்கள். வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், டேப்பட் இடைவெளி போயிருக்கலாம். இதற்குப் பட்டறைக்குத்தான் வர வேண்டும், கடலில் வைத்துச் செய்ய முடியாது. காற்றைப் பார்ப்பது அதைவிட எளிது: ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், அவ்வளவுதான்.

பெரும்பாலும் சிக்கல் டீசலில்தான். அதில் இரண்டு எதிரிகள் உண்டு, தண்ணீரும் காற்றும்.

தண்ணீர் எப்படி வருகிறது என்றால், கேனில்தான் வருகிறது. பாதி காலியான கேன் ராத்திரி குளிர்ந்தால் உள்பக்கம் வேர்க்கும். அலை தெறித்தால் மூடி வழியாக இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். கேனை ஆட்டிக் கவிழ்த்து ஊற்றினால் அந்த அடித்தண்ணீர் நேரே டேங்குக்குப் போய்விடும். ஊற்றுவதற்கு முன் கேனைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். கடைசி நாலு விரற்கடை டீசலை ஊற்றாதீர்கள். அதைத் தனிப் பாட்டிலில் தெளியவிட்டு எடுத்துக்கொள்ளலாம். புனலில் மெல்லிய வலை இருக்கட்டும். பம்பிலும் நாசிலிலும் உள்ள உரசு பாகங்கள் தலைமுடியைவிட நுண்ணிய இடைவெளியில் ஓடுபவை. டீசல்தான் அவற்றுக்கு மசகு. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு ஒரு ராத்திரி உள்ளே இருந்தாலே துரு பிடிக்கும். பிறகு நிஜமாகவே பம்பு மாற்ற வேண்டியதுதான்.

இனிக் காற்று. டீசல் தீர்ந்து நின்றாலும், ஃபில்டர் மாற்றினாலும், ஓஸ் வெடித்தாலும் லைனில் காற்று புகுந்துவிடும். "ஏர் பிடிச்சிருக்கு" என்று நாம் சொல்வது இதைத்தான். பம்பு தள்ளும் ஒவ்வொரு தள்ளலுக்கும் டீசலுக்குப் பதிலாகக் காற்றுக் குமிழி சுருங்கி விரியும், நாசில் திறக்காது. ஏர் எடுக்கிற வேலையை ஒவ்வொரு படகிலும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழக வேண்டும். முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் திருப்புளியால் இரண்டு சுற்று தளர்த்துங்கள். கைப்பம்பு லீவர் இருந்தால் அடியுங்கள். டேங்கு மேலே இருக்கிற இன்ஜினில் டீசல் தானாக இறங்கும். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி குமிழியாக, பிறகு கண்ணாடி மாதிரி ஒரே இழையாக வழியும். அப்படி வழியும்போதே முடுக்குங்கள். அடுத்து நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பின் நட்டை நாசில் பக்கம் அரைச் சுற்றுத் தளர்த்தி, கம்ப்ரஷனை விட்டுவிட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். டீசல் துடிப்புத் துடிப்பாக வந்ததும் நட்டை முடுக்குங்கள். இப்போது கம்ப்ரஷனைப் போட்டுச் சுற்றினால் எடுக்க வேண்டும்.

எடுக்கவில்லையானால், ஏர் மறுபடி மறுபடி வருகிறதென்றால், உறிஞ்சும் பக்கம் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்தப் பக்கத்து வெடிப்பில் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தெரியாது. ஓஸ் கிளிப் மாட்டிய இடத்தை மடக்கிப் பாருங்கள். வெயில் பட்ட ரப்பர் அங்கேதான் வெடிக்கும். செம்பு வாஷர்களைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை சரியாக அடைக்காது. அரையடி ஓஸும் நாலு வாஷரும் இரண்டு கிளிப்பும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் படகில் வைத்தால் இந்த வேலைக்குப் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நான் கத்திச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். நாசில் தூவுகிறதா என்று பார்க்கக் கழற்றி வெளியே திருப்பி வைத்து இன்ஜினைச் சுற்றும்போது, அதன் முன்னே விரலை நீட்டாதீர்கள். நாசில் திறப்பது ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில். ஒரு கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். அந்த டீசல் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்; வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை சாகத் தொடங்கும். அப்படி நடந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், 'டீசல் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தாமதமானால் விரல் போகும், கையும் போகலாம். சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் கைலி, துண்டு, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். புரொப்பல்லரில் வலை சுற்றினால் இன்ஜினை அணைத்த பிறகே கை வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் தன் நோயைப் புகையில் சொல்லும். கறுப்பென்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை அதிகம். நாசில் ஒழுகினாலும் கறுக்கும். நீலமென்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆன புதிதில் வெள்ளை வந்து சூடேறியதும் நின்றால் கவலையில்லை. நிற்காத வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை நீங்கள் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்குக் கடலுக்குப் போகாதீர்கள்.

வண்டிக்காரர்களிடம் வருகிறேன். உங்கள் வண்டிக்கு எதிரி மீன் தண்ணீர். ஐஸ் உருகி, இரத்தமும் உப்பும் கலந்து, பெட்டியிலிருந்து வழிந்து, பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ், பட்டைப் பிளேட், பிரேக் பைப் எல்லாவற்றின் மேலும் சொட்டுகிறது. குட்டியானை 2005இல் சந்தைக்கு வந்தபோது நம் மீன் வியாபாரத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தது. சந்துக்குள் நுழையும், பாரம் தாங்கும். ஆனால் பிற ஊர்க் குட்டியானையைவிட நம் கரையில் ஓடும் குட்டியானை சீக்கிரம் துருப்பிடித்து உளுத்துப்போவதைப் பார்க்கிறோம். இறக்கி முடித்ததும் நல்ல தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே பளபளப்பாகக் கழுவுவதில் பாதி நேரத்தைக் கீழே செலவழியுங்கள்.

நம் வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு வியாதியை விவரமாகச் சொல்ல வேண்டும். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பேட்டரி மாற்றுவார்கள். இரண்டு வாரம் ஓடும். மறுபடி 'டக்'. செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள். மறுபடியும் அதே. அந்த வண்டிகளில் பலவற்றில் குற்றம் எர்த் வயரில்தான் இருக்கும்: பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கும் போகும் வயர். மாட்டிய இடத்தில் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறி, பார்க்க இறுக்கமாக இருந்தாலும் கரண்ட் போக வழியில்லாமல் இருக்கும். சின்ன மல்டி மீட்டர் ஒன்று இருந்தால் இதை உட்கார்ந்த இடத்தில் பிடித்துவிடலாம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஒருவர் சாவி போட, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் முனையிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வையுங்கள். செல்ஃப் இழுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளி மாதிரி மின்ன வைத்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால்தான் அதன்மேல் சந்தேகம்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அது ஒரு எண்ணைக் காட்டும். 'இந்த சென்சாரிலிருந்து வரும் தகவல் சரியில்லை' என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயரை எலி கடித்ததா, கனெக்டரில் உப்புப் பூத்ததா என்று அது சொல்லாது. எண்ணைப் பார்த்த உடனே சென்சாரை வாங்குவதும், பழைய நாளில் கேட்காமல் நாசில் வாங்கியதும் ஒரே பழக்கம்தான். அந்தச் சென்சார் விலைக்குப் பழைய நாசில் பத்து வாங்கலாம்.

ஸ்கேனரையும் கையேட்டையும் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்ற மனக்குறை நம்மோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் டிராக்டர் விவசாயிகள் இதே குறைக்காகப் பல வருடம் சண்டை போட்டார்கள். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைச் சொந்தக்காரரே பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்து, விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கிலும் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அதற்காக ஒரு இணையவாசலும் திறந்தது. நாம் இதைச் சிதம்பரத்துக்கு வெளியே நடக்கும் சங்கதி என்று விட்டுவிடக் கூடாது. வண்டி வாங்கும்போதே சர்வீஸ் கையேட்டைக் கேளுங்கள், சாமான் எண் பட்டியலைக் கேளுங்கள், இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

வயல்காரர்களுக்குச் சொல்வது சுருக்கமாகத்தான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்பிரேயரையும் புல் வெட்டும் மிஷினையும் டேங்கில் பெட்ரோலோடு மூன்று மாதம் மூலையில் சாய்த்து வைத்தால், தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரின் ஜெட்டை அடைத்துவிடும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட்டு வையுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலக்கும் விகிதத்தை மூடியில் எழுதியிருப்பார்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்ற வேண்டாம்.

மழைக்காலம் நம்மை விடுவதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே, 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டம் பட்ட அடிகளுக்கு வரிசை உண்டு. மூழ்கிய இன்ஜின் வெளியே வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது, 'ஓடுதான்னு பாத்துடலாம்' என்று சுற்றுவது. அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் காற்று மாதிரிச் சுருங்காது. சிலிண்டரில் தண்ணீர் இருக்க, பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். முதல் ஒருநாளுக்குள் செய்ய வேண்டியது வேறு. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். ஆயிலை முழுதும் இறக்குங்கள். நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும்வரை கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டேங்கையும் ஃபில்டரையும் காலிசெய்யுங்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி நாலு சுற்று சுற்றி வையுங்கள். புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்த பிறகு அதையும் ஒருமுறை மாற்ற வேண்டும். ஓட்ட உடனே வசதியில்லை, மெக்கானிக்கும் வர நாளாகும் என்றால், மூழ்கி எடுத்த உப்புத் தண்ணீர் இன்ஜினைக் காற்றில் காயப்போடுவதைவிட நல்ல தண்ணீரில் மூழ்க வைத்திருப்பது மேல். கேட்க வினோதமாக இருக்கும். உப்பும் காற்றும் சேர்ந்தால்தான் துரு வேகமாக ஓடும்.

இனி ஊர்ப் பஞ்சாயத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். குமரி, கேரளக் கரைகளில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980 முதல் இயங்குகிறது. சிஃப்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். மீனவர்களே உறுப்பினர்களாக இருக்கும் அந்தக் கூட்டமைப்பு படகு கட்டும் தளமும் அவுட்போர்டு இன்ஜினுக்குப் பட்டறையும் நடத்துகிறது. நம்மால் அந்த அளவுக்கு இப்போதே முடியாது. ஆனால் ஊருக்கு ஒரு பொதுப் பெட்டி முடியும்: நல்ல ஸ்பேனர் செட், மல்டி மீட்டர், டேப்பட் கேஜ், வாஷர், ஓஸ், ஃபில்டர், ஒரு மாற்று நாசில். பொறுப்புக்கு ஒருவர், எடுத்தவர் பெயர் எழுத ஒரு நோட்டு. நாசில் டெஸ்டர் ஒன்று ஆறு ஊருக்கும் பொதுவாக வாங்கலாம். அது இருந்தால் நாசில் கெட்டதா நல்லதா என்று அங்கேயே தெரிந்துவிடும், ஊகத்தில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பத்தாவது முடித்துவிட்டு என்ன செய்வது என்று நிற்கும் பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் பிரிவில் சேர்த்துவிடுங்கள். ஒரு வருடப் படிப்புதான். பெண் பிள்ளைகளும் சேரலாம். பம்பையும் நாசிலையும் பிரித்துச் சேர்க்கப் பொறுமையும் சுத்தமும்தான் வேண்டும், தோள் பலம் வேண்டாம். பரங்கிப்பேட்டையில் 1830களிலேயே வெள்ளைக்காரன் ஹீத் உலை வைத்து இரும்பு காய்ச்சிய கரை இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து ஒரு இன்ஜினை பம்பு வேலைக்காகக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அனுப்பிவிட்டு நாலு நாள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வரும் நாட்களில் படகுகள் எப்படியும் கரையில் கிடக்கும். அந்த நாட்களில், மழை விட்டிருந்தால், காலை பத்து மணிக்கு மேல் என் பட்டறைக்கு வாருங்கள். காசு வேண்டாம். ஒரு பழைய இன்ஜினை மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் வேண்டுமென்றே ஏர் விட்டு, எர்த் கழற்றி, டேங்குத் துளையை அடைத்து வைப்பேன். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். படகுக்கு ஒருவர் வந்தால் போதும், அது ஓட்டுகிறவரே ஆக வேண்டும் என்றில்லை. வரும்போது உங்கள் இன்ஜினின் தகட்டில் உள்ள மாடல் எண், கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, கடைசியாக எதற்காக எந்தச் சாமானை மாற்றினீர்கள் என்ற விவரம் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். தேதி ஞாபகமில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அன்றைக்கு முதல் வேலையாக ஆயிலை மாற்றிவிடலாம்.

அன்புடன்,
கிள்ளைப் பட்டறைக்காரன்